புலிக்குட்டி என்று அடிபடும் பூனை

"புலிக்குட்டி பிடிபட்டிருக்கு" என்று யாராவது படம் அனுப்பினால் முதலில் வாலைப் பாருங்கள். ஊரில் புலி என்று சொல்லப்படும் சிறுத்தையின் வால் உடம்பின் நீளத்தில் முக்கால்வாசிக்குக் கிட்ட வரும். வால் கட்டையாக, உடம்பில் மூன்றிலொரு பங்கு அளவில் நின்றுவிட்டால் அது மீன்பிடிப் பூனை. அடுத்தது புள்ளி. வளர்ந்த சிறுத்தைக்குப் புள்ளிகள் பூப்போலக் கூடியிருக்கும். மீன்பிடிப் பூனைக்கு அடைத்த கரும்புள்ளிகள் உடம்பு நெடுக வரிசையாக ஓடும், நெற்றியிலிருந்து பிடரிக்குக் கறுத்த கோடுகள் போகும். கண் திறந்து சில நாட்களேயான சிறுத்தைக் குட்டியில் பூ தெளிவாக விழுந்திருக்காது, ஆகவே குட்டி என்றால் வால்தான் சாட்சி.

இலங்கையில் காட்டுப் பூனையினம் நான்கு. நம் கிழக்கில் சிறுத்தை இருப்பது குமண, லாகுகலை, கல்லோயாப் பக்கம். மற்ற மூன்றும் நம் வளவுக்கு அருகிலேயே இருக்கக்கூடியவை. புள்ளியில்லாத மண்ணிற உடம்பு, நீண்ட கால், காது நுனியில் சிறு மயிர்க்கொத்து என்றால் காட்டுப்பூனை. ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவதே அரிதான, துருநிறப் புள்ளிகொண்ட வெருகுப்பூனை உலகின் மிகச் சிறிய பூனைகளில் ஒன்று. அதை வீட்டுப்பூனைக் குட்டி என்று தூக்கிப்போய் வளர்ப்பவர்களும் உண்டு. வாவியோரச் சம்புப்புல்லிலும் கண்டலிலும் வயல் வாய்க்காலிலும் மீன், நண்டு, எலி பிடித்துத் திரிவது மீன்பிடிப் பூனை. உலகச் சிவப்புப் பட்டியலில் 2016 முதல் 'அழிவாபத்துக்கு உட்படக்கூடியது' என்ற நிலையில் இருக்கிறது. வாவியும் வயலும் சேர்ந்த, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை மாதிரி நிலம்தான் அதற்குத் தோது.

அப்படியிருக்க, ஊர்களில் விழிப்புணர்வு என்றால் பல்லைக் காட்டி உறுமும் சிறுத்தைப் படத்தோடு ஒரு பதாகை. பார்ப்பவருக்குப் பயம்தான் கூடும். அதிலும் 'புலியைக் காப்போம்' என்று எழுதிவிட்டால் கிழக்கில் பேச்சு வேறெங்கோ போய்விடும். நாட்டில் வரிப்புலி இல்லை, 'சிறுத்தை' என்றே எழுதலாம். படத்தைவிட அட்டைப்பெட்டியை விலங்கின் உண்மையான உருவளவில் வெட்டிக்கொண்டு போவது நூறு மடங்கு பயன். மீன்பிடிப் பூனைக்கு உடம்பு 75 சென்ரிமீற்றர், வால் 25. சிறுத்தைக்கு உடம்பு 120, வால் 85. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் விளக்கம் தேவையில்லை.

கூட்டம் வைக்கும் நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்கு வைத்தால் வயற்காரர் வரமாட்டார்கள். பெரும்போகம் தொடங்குமுன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வாய்க்கால் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானையிடம் கேட்டுப் பதினைந்து நிமிடம் வாங்குவது மேல். ஊர்க்கோழி வளர்ப்பது பெரும்பாலும் பெண்கள், அவர்களை மாதர் சங்கத்தில் தனியாகச் சந்திக்க வேண்டும். சட்டத்திலிருந்து தொடங்க வேண்டாம். 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நான்கையும் பாதுகாக்கிறது என்பது உண்மைதான், ஆனால் கோழி பறிகொடுத்தவரிடம் முதல் வார்த்தையாகச் சிறையைச் சொன்னால், அடுத்த பூனையை அவர் சத்தமில்லாமல் புதைத்துவிடுவார். "உங்கட கோழியைப் பிடிச்சது எது, எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். பகலில் போனது என்றால் கீரியையும் நாயையும் முதலில் சந்தேகிக்கலாம். இரவுத் திருட்டில் மரநாய்க்கும் பங்குண்டு. அது பூனையினமே இல்லை.

பிறகு கூடு. இதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்காத விழிப்புணர்வு வெறும் பேச்சு. வழமையான அறுகோணக் கோழிவலை மெல்லிய கம்பி, உப்புக்காற்றில் சீக்கிரம் இற்றுவிடும், பூனை உந்தினால் விரிந்து கொடுக்கும். கண்ணும் பெரிது: உள்ளே காலை விட்டு, ஓரத்தில் உறங்கும் கோழியின் தலையை இழுத்துவிடும். காலையில் தலையில்லாத கோழி கூட்டுக்குள்ளேயே கிடந்தால் இந்த வழியைத்தான் முதலில் பாருங்கள். ஹாட்வெயார் கடையில் அரை அங்குலக் கண் வெல்ட் மெஷ் கேளுங்கள். கீழே ஒன்றரை அடிக்குப் பலகையோ தகரமோ அடியுங்கள். வலையை நிலத்தில் ஓரடி புதையுங்கள், மணல் நிலமென்றால் புதைப்பதைவிட வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடித்துப் படுக்கவைத்துக் கல்லேற்றுவது நல்லது. கோழி ஏறும் கம்பு வலையிலிருந்து ஓரடி உள்ளே. கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு கொளுக்கி, ஒன்று மட்டும் போட்டால் கீழ்மூலை நெகிழும். மேல்கூரையும் மூடியிருக்க வேண்டும். முருங்கையில் உறங்கும் கோழிக்கு எந்தக் கூடும் உதவாது.

வேளாண்மை வெட்டில் இந்தப் பூனைகளின் குட்டிகள் வெளிப்பட்டால் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். பசுப்பால் வயிற்றோட்டம் கொடுத்துக் கொன்றுவிடும். மெசினை அந்தப் பக்கம் நிறுத்தி, குட்டிகளைச் சுற்றிச் சில யார் தூரத்துக்கு நெல்லை வெட்டாமல் விடுங்கள். நாயைக் கட்டுங்கள், ஆட்கள் விலகுங்கள். தாய் பெரும்பாலும் இருட்டியபின் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும். விடிந்தும் அங்கேயே கிடந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். இடத்தின் பெயரை முகநூலில் போடவேண்டாம், தேடி வருபவர்கள் எல்லோரும் படம் பிடிக்க மட்டும் வருவதில்லை.

பன்றிக்கு வைக்கும் வயர் தடம், அதாவது கண்ணி, ஆளைப் பார்த்து இறுகுவதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் தடத்தில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. தடத்தில் அகப்பட்ட விலங்கை நாமே வெட்டிவிடுவது உதவியல்ல: இடுப்பில் இறுகிய வயர் உள்ளுறுப்பை நசித்திருக்கும், ஓடிப்போய்ப் புதருக்குள் சாகும். கூட்டம் கூடினால் அது திமிறும், திமிறத் திமிற வயர் இறுகும். ஆட்களை நூறு யார் தூரத்துக்கு அப்பால் நிறுத்திவிட்டு 1992க்குச் சொல்லுங்கள்: எந்த இடம், எவ்வளவு நேரமாக, வயர் இறுகியிருப்பது கழுத்திலா, இடுப்பிலா, காலிலா.