டைமிங் செயின்: எப்போது மாற்றுவது, பிரித்தால் எதையெல்லாம் விடக்கூடாது

பிஸ்டன்களால் சுழலும் கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேமையும் இணைத்து, இரண்டையும் ஒரே தாளத்தில் சுற்றவைப்பது டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கெடு உண்டு. மேனுவலில் போட்டிருக்கும் கணக்கு வந்ததும் மாற்றிவிடலாம். செயினுக்குப் பெரும்பாலும் அப்படி எதுவும் போட்டிருக்காது. வண்டியின் ஆயுசுக்கும் செயின் வரும் என்ற பேச்சு அதிலிருந்து கிளம்பியதுதான். ஆயிலை நேரத்துக்கு மாற்றிய வண்டியில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் சத்தமில்லாமல் ஓடும். ஆயிலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போன வண்டியில் ஒரு லட்சத்துக்குள்ளேயே தளர்ந்துவிடும். ஆகவே ஓடோமீட்டரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். சத்தம், ஸ்கேனர், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மூன்றையும் பாருங்கள்.

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பின்னும் அது உட்காரும் துளையும் தேய்கின்றன. கண்ணிக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தேய்ந்தாலே, நூறு கண்ணியில் அது ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். அந்தத் தளர்வை ஆயில் பிரஷரில் வேலை செய்யும் டென்ஷனர் தள்ளிப் பிடித்துச் சமாளிக்கும். அதன் பிளஞ்சர் (செயினைத் தள்ளும் தண்டு) எல்லைவரை வெளியே வந்துவிட்டால் அதற்குமேல் தள்ள இடமில்லை. செயின் ஆடும், கவரில் உரசும், கடைசியில் ஸ்பிராக்கெட் என்ற பல்சக்கரத்தில் பல் தாண்டும். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வந்துபோகும் வகை என்ஜினாக இருந்தால், பல் தாண்டியதும் வால்வு வளைந்து ஹெட்டையே இறக்க வேண்டியதாகிவிடும்.

முதல் அடையாளம் காலைச் சத்தம். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கவர் பக்கம் கடகடவென்று ஓரிரு நொடி கேட்கும், ஆயில் ஏறியதும் அடங்கும். இதை வைத்து மட்டும் செயினைப் பிரித்துவிடக் கூடாது. ஆயில் ஃபில்டருக்குள் ஆயிலைப் பின்வாங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வு கெட்டிருந்தாலும் இதே சத்தம்தான். ஆயில் மட்டம் குறைந்திருந்தாலும் கேட்கும். விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) உள்ள என்ஜினில், கேமின் கோணத்தை மாற்றும் கேம் ஃபேஸரின் லாக் பின் தேய்ந்தாலும் கேட்கும். அதனால் முதலில் சரியான கிரேடு ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு, நாலைந்து காலை கவனிக்க வேண்டும். அதன் பிறகும் சத்தம் நிற்கவில்லை, சூடான என்ஜினிலும் ஆக்ஸிலரேட்டரை விடும்போது கேட்கிறது என்றால், இனிமேல் தள்ளிப்போட இடமில்லை.

ஸ்கேனரில் பி0016 அல்லது பி0017 என்ற பிழைக் குறியீடு வந்தால், கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். சென்சாரும் விவிடி சோலனாய்டும் பழுதானால் இதே குறியீட்டைக் கொடுக்கும். அவற்றைச் சோதித்துவிட்டுத்தான் செயின் பக்கம் வர வேண்டும். சில என்ஜின்களில் கவரில் சிறு மூடி இருக்கும். அதைத் திறந்து பிளஞ்சர் எத்தனை பல் வெளியே வந்திருக்கிறது என்று எண்ணி மேனுவலோடு ஒப்பிடலாம். பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். கறுப்பு அல்லது பழுப்பு பிளாஸ்டிக் சில்லு கிடந்தால் அது செயினை வழிநடத்தும் கைடு உடைந்தது. அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

பிரிப்பது என்று முடிவானால் செயினை மட்டும் வாங்கி வராதீர்கள். டென்ஷனர், எல்லா கைடுகள், கிராங்க், கேம் ஸ்பிராக்கெட்டுகள், கிராங்க் முன் ஆயில் சீல், வால்வு கவர் கேஸ்கெட், சீலண்ட், புது ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்ந்ததுதான் செட். தேய்ந்த பல்லில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் சீக்கிரமே தேய்ந்துபோகும். கோணம் வைத்து இறுக்கும் போல்ட்டுகளை மறுபடி போடக்கூடாது. பல என்ஜின்களில் கிராங்க் புல்லி போல்ட்டும் அந்த வகைதான்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஆயிலை வடித்து, என்ஜின் மவுண்ட்டை எடுக்க வேண்டியிருந்தால் அடியில் தாங்கு கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஒன்றாம் சிலிண்டரை மேனுவல் சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்து, கிராங்கையும் கேமையும் அசையாமல் பூட்டும் லாக் டூல் போட வேண்டும். பெயிண்ட் புள்ளியை மட்டும் நம்பி லாக் டூலை விட்டுவிடுவது இந்த வேலையில் நடக்கும் பெரிய தப்பு. சில என்ஜின்களில் கிராங்க் ஸ்பிராக்கெட்டை நகராமல் பூட்டும் சாவித் துண்டே (கீ) கிடையாது. போல்ட்டின் இறுக்கம் மட்டுமே அதைப் பிடித்திருக்கும், போல்ட் தளர்ந்ததும் டைமிங் போய்விடும். செயின் இல்லாதபோது கிராங்கையோ கேமையோ திருப்பவே கூடாது.

புதுச் செயினின் நிறக் கண்ணிகளை ஸ்பிராக்கெட் குறிகளோடு சேர்த்து மாட்டி, கைடுகளை இறுக்கி, கடைசியில்தான் டென்ஷனரை அமுக்கிப் பிடித்திருக்கும் பின்னை உருவ வேண்டும். பிறகு லாக் டூல்களை எடுத்துவிட்டு, என்ஜினை அது சுழலும் திசையிலேயே கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். எங்காவது தட்டி நின்றால் பலம் கொடுக்காதீர்கள், வால்வு பிஸ்டனில் இடிக்கிறது. இரண்டு சுற்று முடிந்ததும் நிறக் கண்ணிகள் குறியில் இருக்காது. பலரும் இதைப் பார்த்துப் பதறி மறுபடி பிரித்துவிடுகிறார்கள். அவை திரும்ப ஒன்றுசேரப் பல சுற்று ஆகும். இப்போது பார்க்க வேண்டியது ஸ்பிராக்கெட் குறிகளை, லாக் டூல் தடையில்லாமல் உள்ளே போகிறதா என்பதை.

கவரை மூடுமுன் என்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி ஆயில் உறிஞ்சும் வலையையும் பாருங்கள். உடைந்த கைடின் சில்லுகள் அங்கேதான் அடைத்துக்கொண்டிருக்கும். வலை அடைத்திருந்தால் புது டென்ஷனருக்கும் ஆயில் போகாது. சீலண்டை ஆயில் துளைகளுக்குள் வழியாத அளவுக்கு மெல்லிய கோடாகப் போட்டு, டியூபில் சொன்ன நேரம் காயவிட்டுத்தான் ஆயில் ஊற்ற வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி சத்தம் வரலாம், அதற்குமேல் நீடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்து, சூடானதும் லைவ் டேட்டாவில் கேம் கோணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றிவிடுங்கள். அப்போதே கவர் ஓரத்தை விரலால் தடவி, கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.