உயரத்தில் பிழையான ஓர் எண்: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வீட்டில் ஆயத்தமான அனுபவம்

மே 4ஆம் தேதி மாலை, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய பையைக் கட்டி வைத்துவிட்டு அமர்ந்திருந்தேன். அறுவை சிகிச்சைக்கு முந்தைய குறைகலோரி உணவில் அது எனக்கு 13ஆம் நாள். 6ஆம் தேதி காலையில், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை நடப்பதாக ஏற்பாடு. அப்போதுதான் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. எனது பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) போதாது என்று காப்பீட்டு நிறுவனம் முன்அனுமதியை நிறுத்திவைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

என் உயரம் 160 சென்டிமீட்டர். முதல் நாள் செவிலியர் சீட்டில் கையால் எழுதியிருந்த 160 என்பதைக் கணினியில் ஏற்றியவர் 166 என்று பதிந்திருக்கிறார். 96 கிலோ எடைக்கு உயரம் 160 என்றால் பி.எம்.ஐ. 37.5 வரும், 166 என்றால் 34.8தான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொது விலக்கு விதிகளின்படி, இந்த அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்க பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் 35க்குக் குறையாமல் இருந்து, எடையைக் குறைக்கும் பிற முயற்சிகள் பலிக்காத நிலையில், உடல் பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய இரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபடுதல்), கட்டுப்படாத இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றில் ஒன்று இருக்க வேண்டும். பன்னாட்டு அறுவை மருத்துவச் சங்கங்கள் 2022இல் இந்த வரம்புகளைத் தளர்த்தி, ஆசியர்களுக்கு 27.5 முதலே இச்சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று சொல்லிவிட்டன. ஆனால் பாலிசித் தாளில் நிற்பது பழைய எண்தான். எழுத்தர் ஒருவரின் விரல் தவறியதில் நான் அந்த எண்ணுக்குக் கீழே போய்விட்டேன்.

மறுநாள் காலை நேரில் சென்றபோது, ஒருமுறை ஏற்றிய பதிவைத் தம்மால் மாற்ற இயலாது என்று அந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே கூறினார். வாய்ச்சொல்லால் பயனில்லை என்று தெரிந்ததும், அறுவை மருத்துவரின் உதவியாளரை அழைத்துவரச் செய்து, செருப்பைக் கழற்றிச் சுவர் அளவுகோலில் நின்று, அவர் கண்முன்னே உயரத்தை அளக்கவைத்தேன். அளவைத் தாளில் எழுதி, மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் பெற்ற பிறகே பதிவு திருத்தப்பட்டது. அத்துடன் முடியவில்லை. காப்பீட்டு நிறுவனம் இன்னும் இரண்டு தாள்களைக் கேட்டிருந்தது. எடை குறைக்க முன்பு முயன்றதற்கான சான்று ஒன்று. தூங்கும்போது மூச்சைக் கருவியால் அளக்கும் ஸ்லீப் ஸ்டடியின் அறிக்கை மற்றொன்று. முதலாவதற்கு என்னிடம் பழைய உணவியல் ஆலோசகர் மாதந்தோறும் எடையைக் குறித்துக் கையொப்பமிட்ட நோட்டு இருந்தது. அதை எறியாமல் வைத்திருந்தது பெரும் உதவியாயிற்று. இரண்டாவதற்கு, ‘கடுமையான ஸ்லீப் அப்னியா’ என்று மருத்துவர் எழுதிய கடிதம் மட்டுமே இருந்தது. மூல அறிக்கை இல்லை. கடிதத்தை அவர்கள் ஏற்கவில்லை. மீண்டும் சோதனைக்குப் பதிவு செய்து, 7ஆம் தேதி இரவு தலையணையும் போர்வையுமாகத் திருவரங்கத்திலிருந்து நகரத்துக்குப் போனால், கருவியைப் பொருத்தும் ஊழியர் விடுப்பில் இருந்தார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரவு 9 மணிக்குத் திரும்பிவந்து, 9ஆம் தேதி மறுபடி சென்று சோதனையை முடித்தேன். மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுவதாக அறிக்கை வந்தது. 30ஐத் தாண்டினாலே கடுமை என்பது கணக்கு.

ஆகவே இந்த வழியில் இறங்கப்போகிறவர்கள் சீட்டில் உள்ள உயரத்தையும் எடையையும் முதல் நாளே படித்துப் பாருங்கள். முன்அனுமதிக்கு அனுப்பும் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, பி.எம்.ஐ.யை நீங்களே ஒருமுறை கணக்கிடுங்கள். அனுமதி கையில் வராமல் உணவு முறையைத் தொடங்க நேர்ந்தால், தேதி தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதையும் மருத்துவரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள்.

புதிய தேதி மே 27. கோடை விடுமுறைக்குள் எழுந்து நடமாடி, பள்ளி திறக்கும் நாளில் வகுப்புக்குச் சென்றுவிடலாம் என்று போட்டிருந்த திட்டம் குலைந்து, மருத்துவ விடுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. அதைவிடக் கடினமாக இருந்தது, 14 நாள் உணவு முறையை மே 13 முதல் மறுபடியும் தொடங்கியது. கல்லீரலில் சேர்ந்துள்ள கொழுப்பும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையும் குறைந்து அது சுருங்கினால்தான், அதன் இடது பகுதியை விலக்கி இரைப்பையை எட்டுவது மருத்துவருக்கு எளிதாகும் என்பது இதன் காரணம். காரணம் தெரிந்திருந்ததால் இரண்டாவது முறையும் பொறுத்துக்கொண்டேன். காபியை மட்டும் ஒரேயடியாக நிறுத்தாமல், நாளுக்கு அரை டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதல் முறை சட்டென நிறுத்தியதில் மூன்று நாள் தலைவலியால் துடித்தேன்.

முதல் முறை நேர்ந்த வேறொரு விஷயத்தை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. உணவு நாளுக்கு 800 கலோரி அளவுக்குக் குறைந்தபோதும், நீரிழிவுக்கு நான் சாப்பிட்டுவந்த கிளைமிபிரைடு மாத்திரையின் அளவைக் குறைக்க எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்காம் நாள் இரவு 2 மணிக்கு வேர்த்து, கை நடுங்கி விழித்தேன். மகள் கருவியைக் கொண்டுவந்து பார்த்தபோது சர்க்கரை 58. குளுக்கோஸ் கரைத்துக் குடித்ததில் சரியாயிற்று. மறுநாள் மருத்துவர் அளவைப் பாதியாக்கினார். சில நீரிழிவு மாத்திரைகளை அறுவைக்குச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இரத்த அழுத்த மாத்திரையையும் மாற்ற நேரலாம். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரே தாளில் எழுதி, உணவு முறை தொடங்கும் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறுவைக்குப் பின் உண்ண வேண்டியவை என்று உணவியல் பிரிவு தந்த தாள் வேறொரு நாட்டுச் சமையலறைக்கு எழுதப்பட்டது போல இருந்தது. பிராத் (காய்கறியோ இறைச்சியோ வேகவைத்து வடித்த சாறு), சர்க்கரையில்லாத ஜெல்லி, கிரீம் சூப் என்று அதில் இருந்தவற்றுள் பாதி எங்கள் வீட்டில் என்றுமே செய்யாதவை. அந்தத் தாளோடு ஆலோசகர் எதிரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஈடாக எங்கள் வீட்டில் உள்ளதை எழுதி வாங்கினேன். முதல் சில நாட்களுக்குக் காரமில்லாத ரசத் தெளிவு, வடிகட்டிய காய்கறி நீர், நீர்மோர். பிறகு பால், தயிரை அடித்த மோர், மிக்ஸியில் அரைத்து வடித்த பருப்பு சூப். மூன்றாம் வாரம் முதல் குழைய மசித்தவை. இந்த ஒரு மணி நேரம் பிறகு ஒரு மாதத்துக்கு என்னைக் காத்தது.

அந்த அமர்வில்தான் ஒரு பிழையான நம்பிக்கையும் விலகியது. பருப்புத் தண்ணீர் குடித்தால் புரதம் கிடைத்துவிடும் என்றே நானும் என் மாமியாரும் நினைத்திருந்தோம். தெளிவாக இறுத்த நீரில் புரதம் மிகச் சொற்பம். அது பருப்பிலேயே தங்கிவிடுகிறது. நாளுக்கு 60 கிராமாவது தேவைப்படும்போது, சைவ உணவு உண்ணும் எனக்குப் புரதப் பொடி இல்லாமல் தொடக்க வாரங்கள் நகர்ந்திருக்காது. ஆனால் 2 கிலோ டப்பாவை முன்கூட்டியே வாங்கியது வீண். அறுவைக்குப் பின் எனக்கு நாவின் சுவை அடியோடு மாறி, அதன் இனிப்பு குமட்டியது. சுவையூட்டாத சிறு பொட்டலங்களாக வாங்கி, மோரிலும் ரசத்திலும் கலந்துதான் பிழைத்தேன். சிறியதை வாங்கிச் சுவைத்துப் பார்த்துவிட்டுப் பெரியதை வாங்குங்கள்.

குடிக்கும் நீரை அளக்க வீட்டில் ஏதேனும் வேண்டும். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படுவதால், ஒரு டம்ளர் நீரை அப்படியே குடிக்க முடியாது. நான் 30 மி.லி. அளவுள்ள மருந்துக் கிண்ணங்கள் நான்கை வாங்கி, கால் மணிக்கு ஒன்று என்று வரிசையாக நிரப்பி வைத்துக்கொண்டேன். மணிக்கு 120 மி.லி. வீதம், விழித்திருக்கும் 13 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தொட்டுவிடும். இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்ததால், இன்று எவ்வளவு குறைவு என்பது மாலையிலேயே தெரிந்துவிடும். மசித்த உணவுக்கு மாறிய பின், உண்ணும்போதும் உண்டு முடித்த அரை மணி நேரமும் நீர் அருந்தக் கூடாது என்பதைச் சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தே பழகிய வீட்டில் கடைப்பிடிப்பது எளிதன்று. ஒரு மாதத்துக்கு முன்பே பழகத் தொடங்குங்கள்.

ஆறு வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார்கள். கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தபோதுதான், நிறைந்த தண்ணீர்க் குடம், மாவரைக்கும் கிரைண்டரின் கல், ஈரத்துணி வாளி, எரிவாயு உருளை எல்லாமே அந்த வரம்பைத் தாண்டியவை என்று புரிந்தது. தண்ணீர் பிடிப்பதைக் கணவரும் மாவு அரைப்பதை எதிர்வீட்டு அக்காவும் ஏற்றுக்கொண்டார்கள். தரையில் பாய் விரித்துப் படுப்பவள் நான். வயிற்றில் ஐந்து துளைகளோடு தரையிலிருந்து எழ முடியாது என்பதால், கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப்போட்டு, தலைப்பக்கத்தை இரண்டு தலையணைகளால் உயர்த்தினோம். எங்கள் வீட்டுக் கழிப்பறை குந்தி உட்கார்ந்து எழும் பழைய வகை. அதன்மேல் வைக்கும் நாற்காலியை வாடகைக்கு எடுத்தோம்.

அறுவை சிகிச்சை 27ஆம் தேதி காலை எவ்விதச் சிக்கலுமின்றி முடிந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வந்த அன்றிரவே இடது தோளில் வலி எடுத்தது. இரைப்பையை வெட்டி இணைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால் இடது தோளில் வலி வரக்கூடும் என்று படித்திருந்ததால் நெஞ்சு உறைந்துபோயிற்று. வெளியேற்றச் சீட்டில் இருந்த எண்ணை அழைத்தால், அது பகல்நேரப் புறநோயாளிப் பிரிவின் எண், யாரும் எடுக்கவில்லை. நாடித்துடிப்பு 92, காய்ச்சல் இல்லை, குடித்த நீர் தங்குகிறது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்தோம். பொது எண் வழியாக ஒருவழியாகக் கிடைத்த பணி மருத்துவர், இவற்றைக் கேட்டுவிட்டு, அறுவையின்போது வயிற்றில் செலுத்திய வாயுவின் எச்சத்தால் வரும் வலி என்றும், துடிப்பு 120ஐ எட்டினாலோ, காய்ச்சல் 101ஐத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, வயிற்று வலி கூடினாலோ தாமதிக்காமல் வரவேண்டும் என்றும் சொன்னார். இரவில் எடுக்கக்கூடிய வார்டு எண்ணைக் கேட்டு வாங்கி, மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும்போதே ஒருமுறை அழைத்துச் சரிபார்த்துவிட்டு வீட்டுக்குப் புறப்படுங்கள்.

இரத்தம் உறையாமலிருக்க வீட்டில் பத்து நாள் போட வேண்டிய ஊசியும் இப்படித்தான் அலைக்கழித்தது. இரண்டு மட்டும் கொடுத்தனுப்பி, மற்றவற்றை வெளியில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அருகிலுள்ள மூன்று மருந்துக் கடைகளில் கிடைக்கவில்லை. கணவர் சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் வரை சென்று வாங்கிவந்தார். மருத்துவமனை மருந்தகத்திலேயே முழு எண்ணிக்கையையும் வாங்கிவிடுங்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையில் வேறொரு தவறு நடந்தது. எழுதிக் கொடுத்தது கால்சியம் சிட்ரேட். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று கார்பனேட்டைக் கொடுத்துவிட்டார். இரைப்பை அமிலம் குறைந்தவர்களுக்குச் சிட்ரேட்தான் நன்றாகச் சேரும் என்று முதல் பரிசோதனையில் மருத்துவர் சொன்ன பின்பே மாற்றினேன். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். வீட்டு மருந்துப் பெட்டியில் இருந்த டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வலி மாத்திரைகளை இரைப்பையில் புண் உண்டாக்கும் என்பதால் அகற்றினோம்.

பார்க்க வந்த உறவினர்களின் அன்பை மறுப்பது வேதனையாக இருந்தது. மூன்றாம் வாரம், “இப்படி வெறும் தண்ணியா குடிச்சா எப்படி அண்ணி, ரெண்டு வாய் சாப்பிடுங்க” என்று நாத்தனார் குழைத்துக் கொடுத்த இட்லியை அவர் முகத்துக்காக வேகமாக விழுங்கினேன். அன்று இரவு வரை வாந்தி, மறுநாளும் நிற்கவில்லை. வாந்தி தொடர்ந்தால் பி1 வைட்டமின் குறைந்து நரம்புகள் பாதிக்கப்படலாம் என்பதால் அதை ஊசியாகப் போட்டார்கள். அதன்பின் மாமியார்தான் வாசலிலேயே எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். பழக்கமான சோற்றை மருமகளுக்கு ஊட்ட முடியவில்லையே என்று முதலில் கலங்கியவர் அவர். பிறகு கிண்ணங்களைக் கணக்குத் தவறாமல் நிரப்பி வைத்தவரும் அவரே.

இப்போது மூன்று மாதம் முடிந்து எடை 79. நீரிழிவு மாத்திரைகள் மூன்றில் ஒன்றே மிஞ்சியிருக்கிறது. முடி கொத்தாக உதிர்கிறது. பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்றுவிடும் என்றும், அதுவரை புரதத்தை விடக் கூடாது என்றும் மருத்துவர் கூறியிருக்கிறார்.

ஒரு கணக்கு மட்டும் தீரவில்லை. எங்கள் பாலிசியில், மருத்துவமனையில் சேரும் நாளுக்கு முந்தைய 30 நாட்களில் செய்த சோதனைகளுக்கே பணம் உண்டு. என் இரத்தச் சோதனைகள் ஏப்ரல் 8ஆம் தேதியும் எண்டோஸ்கோப்பி 10ஆம் தேதியும் நடந்தவை. அறுவை மே 6ஆம் தேதி நடந்திருந்தால் இரண்டுமே அந்த 30 நாட்களுக்குள் அடங்கியிருக்கும். 27க்குத் தள்ளிப்போனதால் வெளியே போய்விட்டன. ஸ்லீப் ஸ்டடிக்கான தொகை வந்தது, மற்றவை மறுக்கப்பட்டன. தாமதம் மருத்துவமனைப் பதிவின் பிழையால் நேர்ந்தது என்று, திருத்தப்பட்ட உயரத் தாளையும் இணைத்து, காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பியிருக்கிறேன். ஒப்புகைச் சீட்டு கோப்பில் இருக்கிறது; பதில் இன்னும் வரவில்லை.