வீட்டில் கட்டும் ஒலிபெருக்கிக்கு மூன்று ட்வீட்டர்களை ஒப்பிட்ட அனுபவம்

தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஆறரை அங்குல வூஃபரையும் உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டரையும் வைத்து நான் கட்டிவரும் இருவழி ஒலிபெருக்கியில் பெட்டி வேலை முடிந்து, ட்வீட்டரைத் தீர்மானிக்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறேன். ட்வீட்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அது 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகுமா, 30 வரை போகுமா என்றே முதலில் பார்க்கிறார்கள். ஆனால் வூஃபரிடமிருந்து ஒலியை வாங்கிக்கொள்ளும் 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் தேர்வை முடிவு செய்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பேச்சின் தெளிவு பெருமளவு அந்தப் பகுதியைச் சார்ந்திருக்கிறது. காது மிகக் கூர்மையாகக் கேட்கத் தொடங்குவதும் அங்கேதான்.

அதனால் ட்வீட்டருக்கு முன்பாக வூஃபரையே அளந்தேன். இந்த அளவு வூஃபரின் கூம்பு ஏறக்குறைய 13 செ.மீ. விட்டம் கொண்டது. 2 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 செ.மீ.; 3 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 11 செ.மீ. ஆகக் குறைந்துவிடுகிறது. அலைநீளம் கூம்பைவிடச் சிறியதாகும்போது ஒலி பக்கவாட்டில் பரவாமல் முன்னோக்கிக் குவியத் தொடங்கும். மைக்கை 45 பாகை விலக்கி அளந்தபோது, நேர்முன் அளவைவிட 2 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபலும் 3 கிலோஹெர்ட்ஸில் சுமார் 8 டெசிபலும் குறைந்திருந்தன. ஆகவே 3 கிலோஹெர்ட்ஸ் வரை வூஃபரையே பாடவிட்டால், நேரே அமர்ந்திருப்பவருக்குச் சமனாகக் கேட்கும் அதே ஒலி, பக்கத்தில் இருப்பவருக்கும் அறைச் சுவர்களுக்கும் நடு அதிர்வெண்களில் பள்ளம் விழுந்ததாகவே போய்ச் சேரும்.

அளந்த முறையையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியையும் மைக்கையும் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் தொலைவில் நிறுத்தினேன். தரையில் பட்டு வரும் ஒலி 2.6 மீட்டர் கடந்து வருவதால் நேரடி ஒலியைவிட 1.6 மீட்டர், அதாவது சுமார் 4.7 மில்லிவினாடி, தாமதமாகவே மைக்கை அடைகிறது. அந்த இடைவெளிக்குள் பதிவை வெட்டிக்கொண்டால் அறையின் எதிரொலி கலக்காத வரைபடம் கிடைக்கும். ஏறக்குறைய 215 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதை நம்ப முடியாது என்றாலும் ட்வீட்டரை ஆராய அதுவே தாராளம்.

ஒப்பிட்டவை மூன்று: பின்புறக் காற்றறை கொண்ட 28 மி.மீ. பட்டுக் குவிமாட ட்வீட்டர், காற்றறை இல்லாத 25 மி.மீ. அலுமினியக் குவிமாட ட்வீட்டர், மடிப்புச் சவ்வு கொண்ட ஏ.எம்.டி. (ஏர் மோஷன் டிரான்ஸ்ஃபார்மர்) வகை ஒன்று. கடைசி வகையை வடிவமைத்தவர் ஜெர்மானிய இயற்பியலர் ஓஸ்கார் ஹைல். டிரான்சிஸ்டரின் முன்னோடிக் கருத்துகளில் ஒன்றுக்கு 1930-களிலேயே காப்புரிமை பெற்றவரும் இவரே. விசிறி போல் மடித்த சவ்வு, மடிப்புகளுக்கு இடையே உள்ள காற்றைப் பிழிந்து வெளியே தள்ளுவதால், சவ்வு சிறிதே அசைந்தாலும் காற்று வேகமாக நகர்கிறது.

அந்த ஏ.எம்.டி. மிக நுணுக்கமாக ஒலித்தது என்பதை மறுக்க மாட்டேன். தாளத்தின் சிறு உலோக ஒலிகள் அதில் தனித்தனியாகப் பிரிந்து கேட்டன. ஆயினும் தயாரிப்பாளர் அதற்குக் குறித்திருக்கும் கீழ் எல்லை 3 கிலோஹெர்ட்ஸ். என் வூஃபர் ஏற்கெனவே குவிந்துவிட்ட இடம் அது. அத்துடன் அதன் திறப்பு 6 செ.மீ. உயரம் கொண்டதால் சுமார் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி செங்குத்துத் திசையில் ஒடுங்குகிறது. எழுந்து நின்றால் மேல்ஸ்தாயி மங்கிவிடுகிறது. ஐந்து அங்குலமோ அதைவிடச் சிறியதோ ஆன வூஃபராக இருந்திருந்தால் இதையே எடுத்திருப்பேன்.

அலுமினியக் குவிமாடத்தின் மீது 'உலோகம் என்றால் காதைக் குத்தும்' என்ற பழி நெடுநாளாக இருக்கிறது. அந்தக் குவிமாடம் கட்டுப்பாடிழந்து ஒலிக்கும் உச்சம் என் அளவீட்டில் 26 கிலோஹெர்ட்ஸ் அருகே, செவிப்புலனுக்கு அப்பால் இருந்தது. ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் டிஜிட்டல் முறையில் பிரித்தனுப்பும் டி.எஸ்.பி. கிராஸ்ஓவரில் அதையும் பட்டுக் குவிமாடத்தையும் ஒரே வளைவுக்குக் கொண்டுவந்து, ஒலியளவையும் 0.2 டெசிபலுக்குள் சமன்செய்து கேட்டபோது, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எது எது என்று என்னால் உறுதியாகப் பிரிக்க முடியவில்லை. குவிமாடத்தின் பொருளுக்கு நாம் அளவுக்கு மீறிய முக்கியத்துவம் கொடுக்கிறோம் என்பது என் எண்ணம். வேறுபாடு தெரிந்தது கீழ்ப்பகுதியில்தான். அலுமினிய ட்வீட்டரின் ஒத்ததிர்வு, அதாவது அது இயல்பாகவே அதிரும் அதிர்வெண், 1100 ஹெர்ட்ஸில் அமைந்திருக்க, பட்டு ட்வீட்டரின் ஒத்ததிர்வு காற்றறையின் உதவியால் 600 ஹெர்ட்ஸில் அமைந்திருக்கிறது. ஒரே ஒலியளவைத் தர, அதிர்வெண் பாதியானால் சவ்வு நான்கு மடங்கு அசைய வேண்டும். 3 கிலோஹெர்ட்ஸிலிருந்து 2-க்கு இறங்கினாலே அசைவு இரண்டேகால் மடங்காகிவிடும். ஒலியைக் கூட்டி வைத்து ஒரு பெண்குரல் பதிவைக் கேட்டபோது, 2 கிலோஹெர்ட்ஸில் பிரித்த அலுமினிய ட்வீட்டர் உச்சங்களில் இறுகியது. பட்டு ட்வீட்டர் தளர்வாகவே பாடியது. மூல ஒலியின் மும்மடங்கு அதிர்வெண்ணில் கூடுதலாகச் சேரும் ஒலியைக் காட்டும் மூன்றாம் ஒத்திசைச் சிதைவின் வரைபடமும் அதையே காட்டியது.

இந்த ஒப்பீடுகளின்போது ட்வீட்டரை ஆம்ப்ளிஃபயருடன் நேரடியாக இணைக்காமல், 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைத் தொடரில் வைத்திருந்தேன். 8 ஓமுக்கு அது 420 ஹெர்ட்ஸ் அருகே வெட்டுவதால் அளவீட்டைப் பெரிதாகப் பாதிக்காது. சுவிட்ச் போடும்போது வரும் அதிர்ச்சியிலிருந்து ட்வீட்டரின் மெல்லிய சுருளைக் காப்பாற்றும்.

பதித்து வைப்பதற்கு நான் செலவிட்ட கவனத்தைப் பலரும் மிகை என்பார்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. ட்வீட்டர் முகத்தட்டின் தடிமன் 4 மி.மீ. அதைப் பலகையின் மேலேயே திருகி அளந்தபோது 3 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரை வரைபடத்தில் சுமார் 2 டெசிபல் அலைவு தெரிந்தது. பிறகு எம்.டி.எஃப். பலகையில் ரௌட்டரை வட்டமாகச் சுழற்றி, அடியில் ஒட்டும் ஸ்பாஞ்சு நாடா அழுந்திய பின் எஞ்சும் தடிமனையும் சேர்த்துக் குடைந்தேன். முதல் சுற்றுக்குப் பின் விரல்நகத்தை இழுத்தால் விளிம்பில் தடுக்கியது. ஒரு முடி அளவு இன்னும் குடைந்ததும் நகம் தடங்கலின்றிப் பலகைக்கு வழுக்கிச் சென்றது. மறுபடி அளந்தேன், அலைவின் பெரும்பகுதி மறைந்திருந்தது. எஞ்சியது பெட்டி விளிம்புகளால் வருவது. ட்வீட்டர் இரு பக்க விளிம்புகளிலிருந்தும் சமதூரத்தில் இருந்தால் இரண்டின் பாதிப்பும் ஒரே அதிர்வெண்ணில் குவியும் என்பதால், அதை நடுக்கோட்டிலிருந்து இரண்டரை செ.மீ. தள்ளி வைத்திருக்கிறேன். இரண்டாம் பெட்டியில் இது கண்ணாடிப் பிம்பமாக எதிர்ப்புறம் அமையும்.

ஆக, பட்டுக் குவிமாடத்தையே எடுத்துக்கொண்டு 2 கிலோஹெர்ட்ஸில் பிரிக்கிறேன். வூஃபர், ட்வீட்டர் ஆகிய இரண்டின் மையங்களுக்கும் இடையிலுள்ள 14 செ.மீ. தூரம் அங்கே அலைநீளத்துக்குள் அடங்குகிறது. பிரிப்பின் சரிவு ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வோர் இடைவெளிக்கும்) 24 டெசிபல்; லிங்க்விட்ஸ்-ரைலி எனப்படும் கிராஸ்ஓவர் முறை. வூஃபரின் ஒலிமையம் சுமார் 2 செ.மீ. பின்னால் இருப்பதால் ட்வீட்டருக்கு 58 மைக்ரோவினாடி தாமதம் கொடுத்தேன். ட்வீட்டரின் இணைப்பைத் தலைகீழாக மாற்றியவுடன் 2 கிலோஹெர்ட்ஸில் ஆழமான பள்ளம் விழுந்தது. சரியான இணைப்பில் இரண்டின் அலைகளும் அங்கே ஒரே கட்டத்தில் (ஏற்ற இறக்கம் ஒத்து) இயங்குகின்றன என்பதற்கு அது சான்று.

இனி இதே வளைவைக் கம்பிச்சுருள், கெபாசிட்டர் கொண்ட சாதாரண கிராஸ்ஓவராக மாற்ற வேண்டும். ட்வீட்டர் 6 டெசிபல் அதிக உணர்திறன் கொண்டிருப்பதால், அதன் மின்தடையை 8 ஓம் என்று கொண்டு 4 ஓம் தொடரிலும் 8 ஓம் இணையாகவும் வைத்துத் தொடங்குவேன். தாமதம் கொடுக்க வழியில்லாததால் இரு பக்கச் சரிவுகளையும் சமமற்றதாக வைத்து அதை ஈடுகட்ட வேண்டியிருக்கும். பாகங்களைப் பலகையில் பற்ற வைப்பதற்கு முன், தலைகீழ் இணைப்பில் அந்தப் பள்ளம் அதே இடத்தில் விழுகிறதா என்று மறுபடி அளப்பேன்.