செம்பூர் அண்ணாச்சியின் கடலும் மிருதங்கமும்

தூத்துக்குடியில் தூண்டில் போட்டுப் பழகியவருக்குப் பம்பாய்க் கடல் லேசில் பிடிபடாது. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் வந்தாலே அதிகம். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நாலு மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். காலையில் செருப்போடு நடந்து போன பாறை மதியம் ஆள் ஆழத்தில் கிடக்கும். செம்பூரில் குடியேறி, ஓய்வு பெறும்வரை ஓர் ஆலையில் பம்ப் பராமரிப்புப் பொறியாளராக இருந்த அண்ணாச்சி, ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களிடம் ரயில் பாஸைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்வார்.

தமிழர்களுக்கு அவர் அண்ணாச்சி. கோளிவாடா என்னும் கோளி மீனவர் குடியிருப்புக்காரர்களுக்கு, மராத்தி வழக்கப்படி, ‘காகா’, அதாவது சித்தப்பா. இப்படிக் காக்காய் என்று கூப்பிடுகிறார்களே என்று வீட்டம்மாவுக்குக் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது.

கடல் ஏறி இறங்கும் நேரத்துக்கு அவருடைய ஓத அட்டவணை சமையலறைச் சுவரில் தொங்கிய தமிழ் தினசரி காலண்டர்தான். அதில் திதி போட்டிருக்கும், அது போதும். அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் மும்பையில் ஏற்றம் உச்சிக்கு வருவது ஏறத்தாழப் பகல் பன்னிரண்டுக்கும் இரவு பன்னிரண்டுக்கும். அதன்பின் ஒரு திதிக்கு 48 நிமிடம் தள்ளிப்போகும். பஞ்சமி என்றால் ஐந்தை 48ஆல் பெருக்கு: 240 நிமிடம், அதாவது நாலு மணி. அஷ்டமிக்கு ஆறு மணி இருபத்துநாலு நிமிடம். பதினைந்து திதிக்கு 720 நிமிடம், மறுபடியும் பன்னிரண்டு. கோளிகளிடமும் இதே கணக்குதான்.

2005 ஜூலை 26 மும்பை வெள்ளத்தை இதில் வைத்துப் பார்க்கலாம். ஜூலை 21 பௌர்ணமி. ஐந்தாம் நாள் ஏற்றம் நாலு மணி வாக்கில் வரவேண்டும், வந்தது. அதே பிற்பகல்தான் மழையும் கொட்டியது. சாண்டாகுரூஸில் அன்றைய கணக்கு 944 மில்லிமீட்டர். கடல் ஏறியிருக்கும்போது சாக்கடை வாய்கள் தண்ணீருக்கு அடியில் போய்விடும், மழைநீர் வெளியேற வழியில்லை. அண்ணாச்சி இதைப் பம்ப்காரர் பாஷையில் சொல்வார்: “டிஸ்சார்ஜ் பக்கம் அடைச்சுக்கிட்டா லைன்ல தண்ணி எப்படிடா போகும்?”

காலண்டர் கணக்கில் அரை மணி நேரம் முன்னே பின்னே ஆகும். பாறையில் நிற்கப் போகிறவர் துறைமுகத்தின் ஓத அட்டவணையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அஷ்டமி, நவமியில் நம்மவர்கள் நல்ல காரியம் எதையும் தொடங்கமாட்டார்கள். தூண்டில் பழக அதைவிட நல்ல நாள் கிடையாது. ஏற்றம் சின்னது, நீரோட்டம் மந்தம், தூண்டில் குண்டு போட்ட இடத்தில் நிற்கும். உச்சி ஏற்றமும் காலை மாலை ஆறு, ஏழு மணியை ஒட்டி வருவதால் வேலைக்குப் போகிறவர் லீவு போட வேண்டியதில்லை. ஏற்றம் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது போட ஆரம்பித்து, வற்றம் பிடித்த முதல் அரைமணியோடு சுருட்டிவிடுவார். பாறையில் ஆபத்து முன்னால் வரும் அலையில் மட்டும் இல்லை. முதுகுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம்தான் முதலில் நிரம்பும். திரும்பிப் பார்த்தால் கரைக்கு வழி இருக்காது. ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அவர் பாறைப் பக்கமே போனதில்லை.

பாண்ட்ரா பாறைகளில் புதியவர் இழப்பது மீனைவிட ஈயக்குண்டைத்தான். குண்டு இடுக்கில் மாட்டினால் மொத்தத் தூண்டில் நரம்பும் அறுந்துவிடும். அவர் கட்டும் முறை வேறு: மெயின் நரம்பு 0.50 மில்லிமீட்டர், அதன் நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு 0.30 நரம்பு, அதில்தான் குண்டு. தூண்டில் முள் அதற்கு மேலே, மெயினிலிருந்து பிரியும் ஒரு முழக் கிளையில். மாட்டிக்கொண்டால் மெல்லிய துண்டு மட்டும் அறுந்து குண்டு போகும், முள்ளும் மீனும் கைக்கு வரும். போகிற குண்டுக்கும் ஈயம் எதற்கு என்று பழைய இரும்பு நட்டுகளைக் கட்டுவார். முடிச்சை எச்சில் தொட்டு ஈரமாக்காமல் இறுக்க விடமாட்டார். உரசும் சூட்டில் நைலான் அந்த இடத்திலேயே பலவீனப்பட்டுவிடும்.

மீன் பெயர்கள் ஒரு வாரத்தில் வந்துவிடும். நம்ம வஞ்சிரம் இங்கே ‘சுர்மை’, வாவல் ‘பாப்லேட்’, கொடுவா ‘ஜிதாடா’, மடவை ‘போய்’. விசைப்படகுத் தடைக்காலம்தான் ஊர்க்காரர்களைக் குழப்பும். தூத்துக்குடியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இங்கே ஜூன் 1இல்தான் தொடங்கும். ஜூன் தொடக்கத்தில் ஊருக்குப் போய் இரண்டு வாரம் தள்ளித் திரும்பினால் இரண்டு இடத்திலும் நல்ல மீன் இல்லாமல் போகும்.

அந்த மழை மாதங்களில்தான் மிருதங்கம் படுத்தும். அவருடையது 24 அங்குலம், பலா மரம், தணிந்த சுருதி. மும்பை ஈரத்தைத் தோல் குடித்து, வலது முகமான வலந்தலை தொய்ந்துவிடும். புதிதாக வந்தவர் உடனே கல்லை எடுத்து, முகத்தின் ஓரத்துத் தோல் பின்னலான மூட்டைத் தட்டிச் சுருதி ஏற்றுவார். அக்டோபர் வெயிலில் தோல் காய்ந்து சுருங்கும்போது அந்த இறுக்கமும் சேர்ந்துகொண்டு தோல் கிழியும். மழைக்காலத்தில் அரைச் சுருதி தணிந்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் கட்சி. வாத்தியத்தைத் துணியுறையில் போட்டு, 40 வாட் குண்டு பல்ப் எரியும் அலமாரியில் வைப்பார். பல்புக்கும் வாத்தியத்துக்கும் இரண்டடி இடைவெளி வேண்டும், நெருங்கினால் வலந்தலை நடுவில் இருக்கும் கரும்பொட்டான கரணை வெடிக்கும். இடது முகமான தொப்பியில் அப்பிய ரவையை வாசித்து முடித்ததும் வழித்துத் துடைத்துவிட வேண்டும். ஓர் இரவு விட்டால் கரப்பான் தோலோடு சேர்த்துத் தின்னும்.

சுருதி சேர்ப்பதில் மட்டும் ஆலைப் பழக்கம் அப்படியே வந்தது. வலந்தலை மூட்டில் சுருதிக்காகத் தட்டும் இடங்கள் பதினாறு, அவற்றுக்குக் கண் என்று பெயர். ஒரு கண்ணில் தட்டியதும் பக்கத்துக் கண்ணுக்குப் போகமாட்டார், எதிர்க் கண்ணுக்குப் போவார், பிறகு குறுக்கே. பம்ப் ஃபிளாஞ்சில், அதாவது குழாய் இணைக்கும் வளையத்தில், போல்ட் முறுக்குவதும் இப்படித்தான். வரிசையாகப் போனால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கேஸ்கெட் கசியும். மிருதங்கத்தில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி நிற்கும்.

கச்சேரி என்றால் சண்முகானந்தா. சபா 1952இல் தொடங்கியது; இப்போதைய அரங்கு 1990 தீவிபத்துக்குப் பிறகு புதுப்பிக்கப்பட்டது. செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் ஏறி வடாலா ரோடில் மாறி கிங்ஸ் சர்க்கிளில் இறங்க வேண்டும். வடாலாவில் மாற மறந்தால் வண்டி சி.எஸ்.எம்.டி. முனையத்துப் பக்கம் போய்விடும், கச்சேரியில் முதலில் வரும் வர்ணம் போச்சு. மிருதங்கம் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர்களை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அவருடைய தூண்டில் பெட்டி இப்போது டிராம்பே கோளிவாடாவில் ஒரு பையனிடம் இருக்கிறது. மூடியின் உட்புறம் காலண்டர் தாளொன்று ஒட்டியிருக்கிறது. பின்பக்கத்தில் பென்சிலால் பதினைந்து திதிக்கும் மணி. பையனுக்குத் தமிழ் படிக்க வராது; எண்களைப் படித்துக்கொள்கிறான்.