சீலியாவும் பக்கம் மாறின மூக்குத்தியும்

ரெண்டு வாரமா இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னி வரைஞ்ச சீலியா படங்களத்தான் போன்ல பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்துட்டு இருக்கேன். சீலியா பர்ட்வெல் சும்மா உக்காந்து போஸ் குடுத்த மாடல் இல்லீங்க, துணிக்கு டிசைன் போடறவங்க. அவங்க போட்ட பூ டிசைன புருஷன் ஆஸி கிளார்க் வெட்டித் தைக்க, அப்போ லண்டன்ல ஃபேஷன்னா இவங்க ரெண்டு பேருதான். 1969ல அந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனே ஹாக்னிதான்! அப்புறம் தம்பதிய பூனையோட சேத்து ஏழடிக்குப் பத்தடில வரைஞ்சாரு, எல்லாரும் அதைத்தான் பேசுவாங்க. எனக்கென்னவோ 1973ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஜெமினிங்கற அச்சுப் பட்டறைல (நம்ம ஃப்ளைஓவர் ஜெமினி இல்ல) போட்ட லித்தோகிராஃப், அதாவது கல் அச்சுப் படம்தான் பிடிச்சிருக்கு. அந்தச் சுருட்டை முடிய பாத்தா, பல வருஷம் கூடப் பழகினவன் கை வரைஞ்சதுன்னு தெரியும்.

அந்த ஆசைலதான் எக்மோர் ஆர்ட்ஸ் காலேஜ்ல படிச்ச ஒரு அண்ணனோட ஸ்டூடியோவுக்கு என் ஃப்ரெண்டை இழுத்துட்டுப் போனேன், அவள லித்தோல வரையலாம்னு. எங்க கேங்லயே டிரெஸ் சென்ஸ் அவளுக்குத்தான், அன்னைக்கு மதுரை சுங்குடி, ஜிமிக்கி, மூக்குத்தின்னு ஜம்முன்னு வந்தா.

லித்தோல மேட்டரே எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுங்கறதுதான். வழவழன்னு தேச்ச சுண்ணாம்புக் கல்லுல கொழுப்பு கலந்த கிரயான்ல வரையணும், அப்புறம் ஆசிட் கலந்த கோந்து, அப்புறம் கல்ல ஈரம் பண்ணி மை உருட்டினா கோடு மட்டும் மை பிடிக்கும், ஈரமான இடம் பிடிக்காது. அண்ணன் மொதல்லயே கேட்டாரு, "தலைக்கு எண்ணெய் வச்சியாமா? கைய சோப்பு போட்டு கழுவிட்டு வா." நான் கழுவினேன். ஆனா நடுவுல முடிய ஒதுக்கினேன் பாருங்க, அதே கையோட கல்லத் தொட்டுட்டேன். பிரிண்ட்ல அவ கன்னத்துக்குப் பக்கத்துல என் கட்டை விரல் ரேகை, தேங்காய் எண்ணெய் உபயம். ரப்பர் வச்சு அழிக்கற வேலையெல்லாம் அங்க நடக்காது.

அதைவிட பெரிய கூத்து, கல்லுல நேரா வரைஞ்சா பேப்பர்ல இடவலம் மாறி விழும். அண்ணன் சொன்னாரு, நானும் தலைய ஆட்டினேன், வரையற ஜோர்ல சுத்தமா மறந்துட்டேன். வலது மூக்குல இருந்த மூக்குத்தி இடதுக்குப் போயிடுச்சு, முந்தானை வலது தோளுக்குப் போயிடுச்சு. வீட்டுல அம்மா பாத்துட்டு, "யாருடி இது, சௌகார்பேட்டை வடநாட்டுப் பொண்ணா?"ன்னாங்க.

திட்டப் போறான்னு பயந்துட்டேதான் அவகிட்ட நீட்டினேன். ஒரு நிமிஷம் உத்துப் பாத்தா. "கரெக்டாதானடி இருக்கு, தினமும் கண்ணாடில நான் இப்படித்தான் இருக்கேன்"னுட்டு சுருட்டி பைக்குள்ள வச்சுக்கிட்டா. கட்டை விரல் ரேகைய மட்டும், "இது என்ன, மருவா?"ன்னு கேட்டா. ஆமான்னுட்டேன்.