பிறேமைக் கழற்றாதீர்கள்: படுவான்கரையிலிருந்து பழைய சோலர் தகடுகளை அனுப்பிவைத்த அனுபவம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பல்நோக்கு மண்டபத்துக்குப் பின்னால் உள்ள களஞ்சிய அறையில் 31 சிறிய சோலர் தகடுகளும், 6 பெரிய தகடுகளும், 19 பழைய பற்றரிகளும் பல வருடங்களாகக் கிடந்தன. சங்கத்தின் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்தபோது, மாரி தொடங்குவதற்குள் அந்த அறையின் கூரையைத் திருத்த வேண்டியிருந்ததால், முதலில் இவற்றை வெளியேற்றுவோம் என்று முடிவெடுத்தோம். ஒரு கிழமையில் முடியும் என்று நினைத்துத் தொடங்கிய வேலைக்கு ஏழு மாதங்கள் சென்றன. பெரும்பாலான நாட்கள் யாரிடம் கேட்பது என்பதை அறிவதிலேயே கழிந்தன என்பதால், அதே நிலையில் இருக்கும் சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் உதவும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

சிறிய தகடுகள் 40, 50 வாற்று அளவிலானவை. மின்கம்பிகள் எட்டாத கிராமங்களுக்காக உலக வங்கியின் கடனுதவியோடு 2002 முதல் 2011 வரை நடந்த திட்டத்தின் கீழ் இலங்கையில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இத்தகைய தகடுகளைத் தவணைக் கடனில் வாங்கின. எங்கள் ஊருக்கு அவை வந்தபோது மண்முனைப் பாலம் இல்லை. வாவியைக் கடக்கப் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில்தான் ஏற்றி வந்தோம். பிறகு மின்சார சபையின் இணைப்பு வந்தது, தகடுகள் ஒவ்வொன்றாகக் கூரையிலிருந்து இறங்கின, எறிய மனமில்லாதவர்கள் அவற்றைச் சங்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். பெரிய தகடுகள் ஆறும் மண்டபத்துக்கே சொந்தமானவை. கூரை மாற்றும்போது இறக்கியவை; அவற்றில் ஒன்று தேங்காய் விழுந்து சிலந்தி வலைபோல உடைந்திருந்தது.

முதலில் வந்தவர் பழைய இரும்பு வாங்கும் வியாபாரி. அவர் தகடுகளைச் சுற்றி வந்து, விளிம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சேர், அலுமினியப் பிறேமையும் பின்னால இருக்கிற வயரையும் கழட்டித் தாங்க, கையில காசு தாறன்; கண்ணாடி எனக்கு வேணாம்" என்றார். சொன்ன தொகை மோசமானதல்ல, எங்கள் நிருவாக சபையில் பாதிப்பேர் சம்மதித்தும் விட்டார்கள். நல்லவேளையாக அன்று பொருளாளர் ஊரில் இல்லை, முடிவு தள்ளிப்போயிற்று.

அந்த இடைவெளியில் வாசித்து அறிந்ததுதான் என் மனதை மாற்றியது. சாதாரண சிலிக்கன் தகட்டின் நிறையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கண்ணாடி. அலுமினியம் பத்தில் ஒரு பங்கு அளவில் வரும். செம்பு நூற்றில் ஒன்று. விலையுயர்ந்த வெள்ளியோ ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே ஸ்பானரும் குறடும் மட்டுமே வைத்திருப்பவர் இலாபமாக எடுக்கக்கூடியவை பிறேமும் வயரும்தான். அவை போன பிறகு மிஞ்சுவது, ஈயம் கலந்த பற்றாசு ஓடும், வெயிலை மின்சாரமாக்கும் சிலிக்கன் வில்லைகள் பிளாஸ்டிக் பசைக்குள் புதைந்து கிடக்கும் ஒரு கண்ணாடிப் பலகை. அதை எவரும் சும்மாகூட எடுத்துச் செல்ல மாட்டார்கள், எடுத்துச் செல்லக் காசு கேட்பார்கள். அதாவது அந்தக் கண்ணாடியின் வண்டிக்கூலி பிறேமுக்குள்தான் இருக்கிறது. இதை நான் சபையில் விளக்கியபோது, தேங்காய் உரிக்கிறவன் தும்பை மட்டும் கொண்டுபோய்விட்டுச் சிரட்டையை நம் முற்றத்தில் கொட்டிவிட்டுப் போவதா என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருடைய உவமை முழுக்கப் பொருந்தாவிட்டாலும் வாக்கெடுப்பு என் பக்கம் திரும்பியது.

அடுத்து, எவை உண்மையில் கழிவு என்று பிரிக்க வேண்டியிருந்தது. நல்ல வெயிலில், நண்பகல் வேளையில், ஒவ்வொரு சிறிய தகட்டையும் சூரியனை நோக்கி வைத்து மல்ரிமீற்றரால் அளந்தோம். 36 வில்லைகள் உள்ள இத்தகைய தகடு எதனோடும் இணைக்கப்படாத நிலையில் 20 வோல்ற்றுக்குச் சற்றுக் கூடக்குறையக் காட்டும். வோல்ற்றை மட்டும் பார்த்து முதல் நாள் நாங்கள் ஏமாந்தோம். மஞ்சள் பூத்து, உள்ளே ஈரம் இறங்கிக் கம்பிகள் கறுத்துப்போன தகடும் 19 வோல்ற் காட்டுகிறது, ஆனால் ஒரு மோட்டார் சைக்கிள் பல்ப்பை மாட்டினால் அது மினுங்கி அணைந்துவிடுகிறது. மறுநாள் மின்னோட்டத்தையும் அளந்த பிறகே உண்மை தெரிந்தது: 50 வாற்றுத் தகட்டில் ஏறத்தாழ 3 அம்பியர் வர வேண்டிய இடத்தில் சிலவற்றில் ஒன்றுகூட வரவில்லை. முடிவில் 31இல் 12 தகடுகள் இன்னும் பயன்படும் என்று கண்டோம். யானைக் காவலுக்கு வட்டையில் (வயல்வெளியில்) இரவு தங்குவோரின் வாடிகளுக்கு அவற்றைக் கொடுத்தோம்.

பெரிய தகடுகளில் ஒன்று எங்களுக்கு ஒரு பாடம் நடத்தியது. 60 வில்லைகள் கொண்ட தகடு 36, 37 வோல்ற் காட்ட வேண்டும். அது 24ஐத் தாண்டவில்லை. பின்புறக் கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்தால் மூன்று டயோட்டுகள் வரிசையாக இருந்தன. நடுவில் இருந்ததன் கீழே பிளாஸ்டிக் உருகிக் காப்பி நிறத்தில் ஒரு சிறு குழி விழுந்திருந்தது. வில்லைகள் மூன்று தொடர்களாகப் பிரிந்திருக்கின்றன, ஒரு தொடர் நிழலில் அகப்பட்டால் மின்னோட்டம் அதைச் சுற்றிச் செல்வதற்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு டயோட் இருக்கிறது, அது எரிந்து ஒட்டிக்கொண்டால் அந்த மூன்றில் ஒரு பங்கு வோல்ற் முழுவதுமாகக் காணாமல் போகிறது. ரேடியோ திருத்தும் தம்பி ஒருவர் பத்து நிமிடத்தில் புதியதை ஒட்டிக் கொடுத்தார். கழிவு என்று நாங்கள் எழுதி வைத்த தகடு இன்று மண்டபக் கிணற்றின் சிறு மோட்டாரை இயக்குகிறது.

எஞ்சியவை 19 சிறிய தகடுகளும் 5 பெரிய தகடுகளும். அவற்றுக்கு வழி தேடி நான் ஏறிய முதல் அலுவலகம், குப்பை மேட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுமாறு வாய்மொழியாகச் சொல்லியது. அதை எழுத்தில் கேட்டபோது கொடுக்க மறுத்தார்கள், நானும் வற்புறுத்தவில்லை. பிறகுதான் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகளைப் பற்றி அறிந்தேன். அட்டவணைப்படுத்தப்பட்ட, அதாவது ஆபத்தானவை என்று பட்டியலிட்ட, கழிவுகளைச் சேகரிப்பவரும் ஏற்றிச் செல்பவரும் மீள்சுழற்சி செய்பவரும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'எங்கே போடலாம்' என்பதல்ல, 'அனுமதிப்பத்திரம் உள்ள சேகரிப்பாளர் யார்' என்பதே. கேள்வியை மாற்றிக் கேட்டவுடன் பதிலும் வந்தது. கிடைத்த பெயர்கள் எல்லாம் மேல் மாகாணத்துக்குரியவை.

மூன்று பேருடன் தொலைபேசியில் பேசினேன். ஒருவர் சோலர் தகடுகளை எடுப்பதில்லை என்றார், இன்னொருவர் முழு லொறிச் சுமை இல்லாமல் கிழக்கு மாகாணத்துக்கு வர முடியாது என்றார், மூன்றாமவர் எல்லாத் தகடுகளின் பின்புற லேபிளையும் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். மூன்றாமவரின் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. மெல்லிய படல வகைத் தகடுகள் சிலவற்றில் கட்மியம் இருக்கும், அவற்றைச் சிலிக்கன் தகடுகளோடு கலக்கக் கூடாது என்று அவர் காரணமும் சொன்னார். எங்களுடையவை அனைத்தும் சிலிக்கன் வகை என்று உறுதியான பின் அவர் வைத்த நிபந்தனை எளிமையானது: பிறேமும் பெட்டியும் வயரும் உள்ள தகடுகளைக் கட்டணமின்றி எடுப்பார், பிறேம் இல்லாதவற்றுக்கு நாங்கள் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும், பற்றரிகளை நிறைக்கு வாங்கிக்கொள்வார். சுமை போதாத குறையைத் தீர்க்க, அயலில் இருந்த ஒரு பாடசாலையையும் ஒரு நெல் ஆலையையும் சேர்த்துக்கொண்டோம். இதற்கே இரண்டரை மாதம் போயிற்று. பாடசாலையின் பொருட்கள் அரச சொத்து என்பதால், கழிப்பதற்கான குழுவின் கையொப்பம் இல்லாமல் ஒரு தகடுகூட வாயிலைத் தாண்டாது. உங்கள் ஊரிலும் பாடசாலை சேருமானால் அந்தக் கடிதத்தை முதலில் எழுதத் தொடங்குங்கள்.

ஏற்றுவதற்கு முன் அறிந்திருக்க வேண்டிய சில விடயங்கள் உள்ளன. கழற்றிய தகடும் வெயிலில் மின்சாரம் தரும், அணைக்க அதில் ஆளி கிடையாது. எனவே தறப்பாளால் மூடியோ, முகத்தை நிலத்தை நோக்கிக் கவிழ்த்தோதான் கையாள வேண்டும். வயர் முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி மூடினோம். முகத்தோடு முகம் சேர்த்து இரண்டிரண்டாக, நடுவில் காட்போட் மட்டை வைத்து, நெட்டாக நிறுத்திக் கட்டினோம். உடைந்த தகட்டைத் தடித்த உரப்பை இரண்டில் மாற்றி மாற்றிப் பொதிந்தும், தூக்கும்போது கண்ணாடித்தூள் உதிர்ந்து ஒருவரின் முன்கையைக் கீறிவிட்டது. அவர் கையுறை அணிந்திருந்தார், நீளக்கைச் சட்டைதான் அணியவில்லை. வயரை எரித்துச் செம்பு எடுக்கலாம், பின்தாளோடு சேர்த்துக் கொளுத்தலாம் என்று இளைஞர் சிலர் சொன்னதை நான் கண்டிப்பாகத் தடுத்தேன். பல தகடுகளின் பின்தாளில் புளோரின் கலந்த பிளாஸ்டிக் உண்டு, அது எரியும்போது வரும் புகை நுரையீரலை அரிக்கும்.

லொறி வந்த அன்று உதவியாளர் செய்த முதல் வேலை, கட்டுகளின் ஓரமாக விரலை ஓட்டிப் பிறேம் இருக்கிறதா என்று எண்ணியதுதான். நெல் ஆலையின் நான்கு தகடுகளில் பிறேம் இல்லை. அவற்றுக்கு ஆலைக்காரர் காசு கட்டினார். எங்கள் பற்றரிகளின் விலை, கட்டுவதற்கு வாங்கிய மட்டை, கயிறு, டேப், கூலி ஆட்களின் சாப்பாடு எல்லாவற்றையும் ஈடுசெய்து கொஞ்சம் மிஞ்சியது. அந்த மிச்சத்தில்தான் களஞ்சிய அறைக்குக் கூரைத்தகடு வாங்கினோம்.

எங்கள் சோலர் தகடுகள் எங்கே போகும் என்றும் சேகரிப்பாளரிடம் கேட்டேன். பிறேமும் வயரும் இங்கேயே உருக்கப் போகும் என்றும், கண்ணாடியோடு ஒட்டிய பகுதியைப் போதிய அளவு சேர்ந்த பின் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். ஆபத்தான கழிவுகள் நாடு விட்டு நாடு செல்வதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் செய்த திருத்தத்தின்படி 2025 ஜனவரி 1 முதல் எந்த மின்னணுக் கழிவையும் பெறும் நாட்டின் முன்சம்மதம் இல்லாமல் எல்லை கடத்த முடியாது, ஆகவே அது உடனே நடக்கிற காரியமல்ல. நேர்மையான பதில் என்றே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு தகட்டின் தொடரிலக்கமும் நிறையும் எழுதிய பற்றுச்சீட்டில் அவருடைய அனுமதிப்பத்திர இலக்கத்தையும் குறித்து வாங்கிச் சங்கக் கோப்பில் சேர்த்திருக்கிறேன்.

இரண்டு கிழமைகளுக்குப் பிறகு வெல்லாவெளிப் பக்கத்துச் சங்கம் ஒன்றிலிருந்து தொலைபேசி வந்தது. தங்களிடம் 40 தகடுகள் உண்டு, அந்தச் சேகரிப்பாளரின் இலக்கம் வேண்டும் என்றார்கள். கொடுத்துவிட்டு, பிறேமைக் கழற்ற வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறேம்கள் போன மாதமே போய்விட்டனவாம். கண்ணாடிகள் மட்டும் புளியமரத்தடியில் அடுக்கி இருக்கின்றனவாம்.