மோட்டார் ஓடும் முக்கால் மணி நேரம்

ரங்கூனில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் எந்நேரம் வரும் என்று நிச்சயமில்லை. நடுராத்திரியில் வந்தாலும் எழுந்து மோட்டார் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் காலையில் குளிக்கத் தண்ணீர் இருக்காது. தொட்டி நிறைய முக்கால் மணி நேரம் பிடிக்கும். என் கஷ்டமெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில்தான்.

அடுப்படியில் ஆறிப்போன சோறு மூடி வைத்திருக்கும். பக்கத்திலேயே பலாச்சாங் பாட்டில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: காய்ந்த இறால், பூண்டு, வெங்காயம், மிளகாய் எல்லாம் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தது. நின்றபடியே, சட்டியிலிருந்தே, விளக்கைக்கூடப் போடாமல் சாப்பிடுவேன். பசியே இருக்காது. சோறு தீர்ந்தால் டின் பாலை ஸ்பூனால் வழித்துத் தின்பேன். தொட்டி நிறைந்ததும் கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுப்பேன். விடியும்வரை நெஞ்சு கரிக்கும்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எடை குறைத்த கதையை மட்டும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அது 2019. என் உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 184 பவுண்ட். இங்கே பவுண்டில்தான் சொல்வோம். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.2 வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. போன இடத்தில் டாக்டர் ரிப்போர்ட்டை மடித்துக் கொடுத்து, "வாயைக் கட்டுங்கம்மா" என்றதோடு சரி. வாசலில் ரிக்‌ஷாவுக்கு நின்றபோது அழுதேன்.

அடுத்த வாரமே நடக்க ஆரம்பித்தேன். விடியுமுன் கண்டோஜி ஏரிக்கரை. தண்ணீரில் ஷ்வேடகோன் பகோடாவின் தங்கம் அசையும். அந்த நேரத்தில் மனசு லேசாகிவிடும். சோற்றைப் பாதியாக்கினேன், டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினேன். எட்டு மாதத்தில் 29 பவுண்ட் குறைந்தது. அம்மா எடையை வீசையில்தான் சொல்லுவார். இங்கே ஒரு வீசை என்பது 3.6 பவுண்ட். "எட்டு வீசைடி! ஒரு சின்னப் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி விட்டிருக்கே" என்று சந்தோஷப்பட்டார். மறுநாள் காலையே மீன் குழம்பு ஊற்றிய பர்மா நூடுல்ஸான மொஹிங்காவை ஒரு கிண்ணம் கொண்டுவந்து முன்னால் வைத்து, "இளைச்சுப் போயிட்டே, சாப்பிடு" என்றார். அம்மாவுக்கு இரண்டும் ஒரே பாசம்தான்.

1964இல் பெரியம்மா குடும்பம் கப்பலேறி மதராசுக்குப் போனபோது அம்மாவுக்கு 9 வயது. பாட்டி இரண்டு நாள் உட்கார்ந்து பொரித்து, பலாச்சாங்கைத் தகர டின்னில் அடைத்துக் கொடுத்தனுப்பினாராம். அப்போதிருந்தே எங்கள் வீட்டில் யார் புறப்பட்டாலும் கையில் ஒரு பாட்டில் உண்டு.

2021 ஜூலையில் ஆக்சிஜன் சிலிண்டருக்காக இந்த ஊரே வரிசையில் நின்றது. நானும் நின்றேன். திரும்பி வந்தபோது அம்மா இல்லை.

காரியமெல்லாம் முடிந்து அடுப்படியை ஒழுங்குபடுத்தும்போது, ஜூனில் அம்மா பொரித்து வைத்த பாட்டில் கிடைத்தது. முக்கால்வாசி இருந்தது. யாருக்கும் காட்டவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு தினம் ஒரு ஸ்பூன் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். தீர்ந்துவிடுமே என்று சோற்றைக் கூட்டி, பலாச்சாங்கைக் குறைத்தேன். ஒருநாள் தீர்ந்தேவிட்டது. அம்மா கைப்பக்குவம் வரும்வரை நானே பொரித்துப் பொரித்துப் பார்த்தேன். வந்துவிட்டது. 2022 முடிவில் என் எடை 190.

அதற்குப் பிறகு இரண்டு தடவை குறைத்தேன், இரண்டு தடவையும் ஏறியது. எனக்கு மன உறுதியே கிடையாது என்று முடிவு கட்டியிருந்தேன். மகள்தான் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டுரையைப் படித்துச் சொன்னாள். ஆஸ்திரேலியாவில் எடை குறைத்தவர்களைப் பரிசோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வு. குறைத்து ஓராண்டு ஆன பிறகும் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுதலாகவே இருந்ததாம், போதும் என்று சொல்லும் லெப்டின் குறைவாகவே இருந்ததாம். இழந்ததைத் திரும்பக் கொண்டுவர உடம்பு அவ்வளவு நாளும் பாடுபடுகிறது. கேட்டதும் எனக்குப் பாரம் குறைந்தது போல இருந்தது. அத்தனை வருடமும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேனே.

இன்னொன்றும் சொன்னாள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி, 2002இல் வெளியான ஆய்வில் வைத்த இலக்கு 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட நடையும்தான். சுமார் மூன்று ஆண்டுகளில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்ததாம். 190இல் 7 சதவீதம் என்றால் 13 பவுண்ட். நான்கு வீசைகூட இல்லை! எட்டு வீசை போனால்தான் கணக்கு என்று நான் மாய்ந்துகொண்டிருந்தேன். அந்த டாக்டர் அன்றைக்கு இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். இன்னமும் எனக்கு ஆற்றாமைதான்.

இப்போது 178. ஒன்றரை வருடமாக ஒன்றிரண்டு பவுண்ட் ஏறி இறங்கினாலும் அங்கேயே நிற்கிறது. ராத்திரிச் சாப்பாடு முழுதாக நின்றுவிடவில்லை. ஆனால் விளக்கைப் போடுகிறேன், தட்டில் போட்டுக்கொள்கிறேன், உட்கார்ந்து சாப்பிடுகிறேன். போன வாரம் கரண்ட் வந்தபோது மணி இரண்டு. உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேட்டு மகள் எழுந்து வந்தாள்.

"பசிக்குதாம்மா?"

"இல்லடா. உன் ஆயா ஞாபகம்."

அவளும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பெரியம்மா கப்பலேறிய கதையை அவள் அதுவரை கேட்டதில்லை. சொல்லி முடிப்பதற்குள் தொட்டி நிறைந்து மாடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. என் தட்டில் சோறு பாதி அப்படியே இருந்தது.

வரும் ஞாயிறு அம்மாவுக்குத் திதி. அவருக்குப் பிடித்த மொஹிங்காவைத்தான் படைப்போம். வாழைத்தண்டு வாங்கியாகிவிட்டது, கெளுத்தி மீனுக்குச் சொல்லியிருக்கிறேன். நானும் ஒரு கிண்ணம் சாப்பிடுவேன்.